நிமிர்ந்து நின்ற மணை

1

இந்தக் கதை ஒரு தயக்கத்திலிருந்து கிடைத்தது. கானா நாட்டுக் குமாசியில் எங்கள் துணிக்கடைக்கு அடுத்த கடை பிராகோ அம்மாளுடையது. செத்துப்போன தம்பியின் வீட்டுக்குப் போய்ப் பித்தளைச் சாமான்களையும் செதுக்கிய மணைகளையும் எடுத்து வந்த மறுநாள், "எல்லாம் வந்துடுச்சா?" என்று என் அப்பா கேட்டார். அரை மூச்சு விட்டு, "எல்லாம்" என்றாள். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு அந்த அரை மூச்சு போதும். ஒன்றை விட்டுவிட்டு வந்தவர்கள் அப்படித்தான் தயங்குவார்கள். எடுக்கக் கூடாத ஒன்றை எடுத்து வந்தவர்களும் அப்படித்தான்.

எது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை எழுத வேண்டியிருக்காது.

2

முதல் தொடக்கம்: "வடக்கிலிருந்து வந்த புழுதிக்காற்று குமாசியின் கூரைகள்மேல் மெல்லிய…"

விட்டுவிட்டேன். வானிலையைச் சொல்லித் தொடங்குகிறவனிடம் சரக்கு இல்லை என்று அர்த்தம்.

இரண்டாம் தொடக்கம்: அமாங்க்வா இறந்த முதலாம் ஆண்டுச் சடங்கு முடிந்த மறுநாள் காலையில், அவருடைய அக்கா பிராகோ வேனோடு வந்து வாசலில் நின்றாள். "டூஃபி, தயாரா?" என்று கேட்டாள்.

இது நிற்கும். ஏனென்றால் டூஃபிக்கு அந்த ஒரு சொல்லிலேயே அடி விழுந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக பிராகோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எங்க பொண்டாட்டி" என்பாள். தம்பி மனைவியை அங்கே புருஷன் வீட்டார் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆண்டுச் சடங்கு முடிந்தால் அந்த உறவும் முடிந்தது. நேற்றுவரை பொண்டாட்டி, இன்று டூஃபி.

3

பொருள்கள் அமாங்க்வாவுக்குத் தாய்மாமனிடமிருந்து வந்தவை. தாய்வழிக் குடும்பத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அந்தக் காலத்தில் தங்கத்தூள் நிறுத்த பித்தளை எடைகள், முதலையாகவும் மீனாகவும் வார்த்தவை, மூடியில் சிறுத்தை வார்த்த பெட்டி ஒன்று, ஏழு மணைகள்.* மனைவிக்குப் பங்கில்லை. டூஃபியும் கேட்கப் போவதில்லை, ஒன்றைத் தவிர. அமாங்க்வா தினமும் உட்கார்ந்த, ஓரம் வெடித்த மணை அவளுக்கு வேண்டும்.

* மணை என்பது முழுக்கச் சரியில்லை. முக்காலி என்றால் மூன்று கால் எங்கே என்பீர்கள். ஒரே மரத்தில் குடைந்தது, இருக்கை நடுவில் குழிந்து இரு பக்கமும் பிறைபோல ஏறியிருக்கும். ஒரு வழக்கம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் மணையைப் பக்கவாட்டில் சாய்த்துவிட வேண்டும். நிமிர்ந்து நிற்கும் காலி மணையில் ஏதாவது ஆவி வந்து உட்கார்ந்துவிடும்.

ஆறு மணைகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. ஏழாவது கூடத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றது.

4

(பிராகோவை முதலில் ஈவிரக்கமில்லாதவளாக எழுதினேன். பிறகு, அந்தத் தம்பியைத் துணியில் முதுகோடு கட்டித் தூக்கி வளர்த்தவள் அவள்தான் என்று நினைவு வந்தது. எழுதியதை அடித்துவிட்டேன்.)

டூஃபியும் வியாபாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வேண்டியதை முதலில் கேட்கக் கூடாது என்று தெரியும்.

"அண்ணி, அந்தச் சிறுத்தைப் பெட்டிய மட்டும் விட்டுட்டுப் போங்க. அவரு பல்லுக்குச்சி போட்டு வச்சிருந்தது."

"அத நான் கனவுலயே தூக்கிட்டுப் போயிட்டேன். வேற கேளு."

"அப்ப அந்த மீன் எடை?"

"மீன் போனா முதலை பட்டினி கிடக்கும். ஆகாது."

"குடுக்க மனசில்லாதவங்ககிட்ட என்னத்த பேச. அந்த வெடிச்ச மணையாவது கிடக்கட்டும். சூப்புச் சட்டி இறக்கி வைக்க ஆகும்."

நல்ல பேரம். இரண்டு பெரிய மறுப்பை வாங்கிக்கொண்டு சின்னதாக ஒன்றை நீட்டுவது. ஆனால் பிராகோவும் கடைத்தெருவில் முப்பது வருஷம் துணி விற்றவள். சரக்கைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தாள். தான் வந்ததிலிருந்து டூஃபி ஒரு தடவைகூட அந்த மணைப் பக்கம் திரும்பவில்லை.

"அது ஏன் நிமிந்து நிக்குது?"

"இப்பத்தான் எந்திரிச்சேன். சாய்க்க மறந்துட்டேன்."

"நான் வந்ததுலேருந்து நீ நின்னுக்கிட்டுதான இருக்க."

சொல்லிக்கொண்டே குனிந்து, சாய்ப்பதற்காக மணையின் விளிம்பைப் பிடித்தாள்.

"மெதுவா அண்ணி," என்றாள் டூஃபி. "விழுந்துடப் போறாரு."

5

இந்த இடத்தில் டூஃபியை அழவிட்டு ஒரு பத்தி எழுதினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

பிராகோவின் கை விளிம்பிலேயே இருந்தது.

"ஒரு வருஷமாவா?"

"ம்."

"சாப்பாடெல்லாம் வைக்கிறியா?"

"சூப்பு மட்டும். உப்பு பத்தலைங்குறாரு."

"உசிரோட இருந்தப்பவும் அதத்தான் சொன்னான். நாக்கு எங்கம்மா குடுத்தது, ஒண்ணும் பண்ண முடியாது." பிராகோ மணைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை. "குடும்பத்து வீட்டுல பெரியவங்க ஏழு மணைக்கு இடம் ஒதுக்கி வச்சிருக்காங்க. நான் என்ன சொல்லட்டும், பொண்டாட்டி?"

அந்தச் சொல் திரும்பி வந்ததை இருவருமே கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

6

என்னிடம் இரண்டு முடிவுகள் உண்டு.

ஒன்றில் பிராகோ மணையை எடுத்துப் போகிறாள். ஆனால் வேனில் சாய்த்துப் போடவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, மடிமேல் நிமிர்த்தி வைத்து, வழியெல்லாம் இரு கையாலும் பிடித்துக்கொண்டு போகிறாள். டூஃபி வாசலில் நின்று, பள்ளம் வரும் இடங்களைச் சொல்லி அனுப்புகிறாள்.

மற்றொன்றில் ஆறு மணைகள்தான் போகின்றன. ஏழாவதைக் கரையான் தின்றுவிட்டதென்று பிராகோ பெரியவர்கள் முன்னால் பொய் சொல்கிறாள். அடுத்த ஆண்டு டூஃபி வைக்கும் சூப்பில் உப்பு கூடுகிறது.

இரண்டுக்கும் அந்த அரை மூச்சு கச்சிதமாகப் பொருந்துகிறது. எனக்குக் கட்டுப்படியாகாத பேரம் இது, எந்தப் பக்கம் முடித்தாலும் ஒருத்திக்குக் குறைகிறது. ஆகையால் ஹாரன் சத்தத்தோடு நான் எழுந்துகொள்கிறேன். பிராகோவின் கை இன்னும் விளிம்பில்தான் இருக்கிறது. அதன்மேல் உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள். தூக்குவதோ விடுவதோ உங்கள் இஷ்டம்.

எதைச் செய்தாலும் மெதுவாகச் செய்யுங்கள். விழுந்துவிடப் போகிறார்.