ஒரு கல்யாணம், இரண்டு கேபின், நடுவில் ஒரு கதவு

1

இந்தக் கதை எனக்கு நீச்சல்குளத்தில் கிடைத்தது. கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் கொஞ்சம் வானத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. ஃப்ளோரிடாவில் ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்கள் மட்டுமே குடியிருக்கிற எங்கள் காலனியின் பொதுக்குளத்தில், ஆழம் குறைந்த பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டு கிளெண்டா ப்ரூயிட் என்னைக் கேட்டாள்.

"நீதான் கதையெல்லாம் எழுதறியே. ஒரு கதையில புருஷனும் பொண்டாட்டியும் கப்பல்ல ரெண்டு கேபின் எடுக்கிறாங்கன்னு வை. படிக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

"பிரியப் போறாங்கன்னு நெனைப்பாங்க."

"நடுவுல ஒரு கதவு இருந்தா?"

"கடைசிப் பக்கத்துல கதவு திறக்கும்னு நெனைப்பாங்க."

இரண்டு பதிலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தலைமுடி நனையக் கூடாது என்று எப்போதும் கழுத்தை நீட்டிக்கொண்டே நீந்துகிறவள், அன்று ஒரு முங்கு முங்கி எழுந்தாள். விஷயம் பெரியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து துண்டைக்கூட உலர்த்தாமல் எழுத உட்கார்ந்தேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கடல் அன்று காலை—"

[கடல் இன்னும் வரவே இல்லை. கப்பல் கிளம்புவது ஜனவரியில். இப்போது ஆகஸ்ட், ஊரே ஏசிக்குள் கிடக்கிறது.]

"நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் கிளெண்டா ஒரு தடவைகூடக் கணவனை எதிர்த்து—"

[அப்பட்டமான பொய். அவள் அவனை கோல்ஃப் வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, நடந்து வா என்று சொல்லிவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.]

"ஹார்லன் குறட்டை விடுவான்."

[இது இருக்கட்டும். இதில் இலக்கியம் கிடையாது, ஆனால் பொய்யும் கிடையாது.]

ஹார்லன் குறட்டை விடுவான். குறட்டை என்றால் நீங்களும் நானும் விடுகிற குறட்டை இல்லை. அதில் ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு, நடுவில் திடீரென்று ஒரு நிறுத்தம் உண்டு. அந்த நிறுத்தத்தில் வீட்டில் இருக்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு பெரிய விழுங்கலோடு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.*

மூன்று வருஷத்துக்கு முன் கிளெண்டாவுக்கு இருமல் வந்தது. ஹார்லனின் தூக்கம் கெட வேண்டாமே என்று நல்லெண்ணத்தில் தையல் அறைக்குப் படுக்கப் போனாள். ஒரு வாரத்தில் இருமல் போய்விட்டது. அவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதும் இல்லை. காலையில் எழுந்ததும் பெரிய கட்டிலில் தன் பக்கத்துத் தலையணையில் ஒரு குத்துக் குத்திக் குழி செய்துவிட்டுத்தான் காபி போடப் போவாள். வீடு துடைக்க வருகிற பெண் நாலு வீட்டில் போய்ப் பேசுகிறவள்.

இந்த ஏற்பாட்டுக்கு இடைஞ்சல் கப்பலில்தான். துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் ஊர்க்காரர்கள், மற்ற ஊர்க்காரர்கள் கடைத்தெருவுக்குப் போவதுபோலக் கப்பலுக்குப் போவார்கள். கப்பலில் தையல் அறை கிடையாது. ஒரே கேபின், ஒரே கட்டில், பக்கத்திலேயே ஹார்லன். ஏழு நாளும் கிளெண்டா கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்துவிட்டு, பகலில் மேல்தளத்து நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். மெக்சிகோவின் கொசுமெல் தீவுக்கு நாலு தடவை போயிருக்கிறாள். இன்னும் அதைப் பார்த்ததில்லை.

* குறட்டைக்கு இப்போதெல்லாம் முகமூடி மெஷின் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அலமாரியில். அதைப் போட்டால் கடலுக்கு அடியில் தூர் வாரப் போகிறவன் மாதிரி இருக்கிறது என்று ஹார்லன் சொல்கிறான். டாக்டர் திட்டினால் போட்டுக்கொள்வான். தூக்கத்தில் அவன் கையே அதைக் கழற்றி எறிந்துவிடும்.

3

வருகிற ஜனவரிப் பயணம் நாற்பதாவது கல்யாண நாளுக்காக. கேபின் போன பயணத்திலேயே பதிவாகிவிட்டது, 8214. போன திங்கட்கிழமை கிளெண்டா கப்பல் ஏஜென்ட் டீட்ராவிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேபின் கிடைக்குமா என்று. டீட்ராவுக்குப் பேச்சுவாக்கு என்பதே தெரியாது. அதே தளத்தில் இரண்டு கனெக்டிங் கேபின்களைப் பிடித்து வைத்துவிட்டாள். இரண்டுக்கும் நடுவில் கதவு. வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம், வேண்டாமென்றால் அவரவர் பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிவரை காத்திருப்பாள். அதற்குள் ஆம், இல்லை, ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கிளெண்டாவுக்கு ஆசைதான். ஏழு நாள் தூங்கலாம். கொசுமெலைப் பார்க்கலாம். ஆனால் மேவிஸ் இருக்கிறாள்.

மேவிஸ் எங்கள் பயணக் குழுவின் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவளே இருந்துகொண்டாள். கப்பல் கிளம்பிய மறுநாள் குழுவிலுள்ள எல்லோரும் ஒருவர் கேபினை ஒருவர் போய்ப் பார்க்கும் அறைச் சுற்று ஒன்றை அவள்தான் நடத்துவாள். கையில் காகிதக் குடை செருகிய கோப்பையுமாக ஒரு படை உள்ளே நுழையும். பால்கனி எவ்வளவு, அலமாரி எப்படி, கட்டில் ஜன்னல் பக்கமா குளியலறைப் பக்கமா, எல்லாம் பார்க்கப்படும். ப்ரூயிட் தம்பதிக்கு இரண்டு கேபின், இரண்டிலும் ஒவ்வொரு ஜோடிச் செருப்பு என்றால், கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடுவதற்குள் செய்தி காலனிக்கு வந்து சேர்ந்துவிடும்.

[இந்த இடத்தில் மேவிஸை ஒரு வில்லியாக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வேண்டாம். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது இரண்டு வாரம் சாப்பாடு கொண்டுவந்தவள் அவள். சாப்பாட்டோடு கேள்விகளையும் கொண்டுவந்தாள் என்பது வேறு விஷயம்.]

4

வியாழக்கிழமை மத்தியானம் கிளெண்டா துணிந்துவிட்டாள். டீட்ராவுக்குப் போன் போட எண்களை அழுத்துகிற நேரத்தில் வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. நீளமாக, தட்டையாக, ஹார்லன் பேருக்கு. பிரித்தாள்.

கப்பல் கேபின் கதவுகள் இரும்பு. அதில் காந்தத்தால் ஒட்டுகிற அலங்காரங்களை வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம்: பிறந்தநாள், பேரன் பிறந்தது, புற்றுநோய் குணமானது, எதுவாக இருந்தாலும் கதவு சொல்லிவிடும். ஹார்லன் வரவழைத்திருந்தது கதவு அளவுக்கே ஒரு காந்தப் பலகை. இரண்டு பேரும் சிரிக்கிற பழைய கல்யாணப் படம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில், "நாற்பது வருஷம். இன்னும் ஒரே படகில்." அதற்கும் கீழே, கதவைவிடப் பெரியதாக இருக்கும்போல ஓர் எண்: 8214.

கப்பல் பைத்தியம் பிடித்த ஒருவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. கேபின் மாறினால் எண்ணும் மாறும் என்று யோசிக்காமல், அதைத் தெருப்பெயர் மாதிரி, வீட்டு முகவரி மாதிரி நினைத்து அச்சடித்துவிட்டான்.

ஹார்லன் பிக்கில்பால் ஆடிவிட்டு வியர்க்க வியர்க்க உள்ளே வந்தான். பெட்டி திறந்திருப்பதைப் பார்த்தான். கிளெண்டாவின் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"பிடிக்கலையா?"

கிளெண்டா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டீட்ரா, இரண்டு கேபின், நடுக்கதவு, ஐந்து மணி. இருமலில் ஆரம்பித்து மூன்று வருஷத்தையும் மூச்சுவிடாமல் சொன்னாள். தையல் அறை என்ற சொல் அந்த வீட்டில் முதல் தடவையாக உரக்கச் சொல்லப்பட்டது. ஹார்லன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான், வியர்வை காய்ந்த பிறகும்.

"நான் குறட்டை விடறேன்னு தெரியும் கிளெண்டா. நீ அந்த ரூமுக்குப் போனதுல எனக்குக் கோவம் இல்ல."

"அப்புறம் என்ன?"

"எனக்குக் கப்பல் ஒண்ணும் அவ்வளவு இஷ்டம் இல்ல. எனக்கு அந்தப் பஃபே சாப்பாடு ஒத்துக்கறதில்ல, பாட்டுக் கச்சேரி பிடிக்கறதில்ல. கப்பல்ல மட்டுந்தான் நீ எம் பக்கத்துல படுத்துக்கறே. அதுக்காகத்தான் நான் வரேன்."

5

இங்கே எனக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்துவிட்டது.

ஹார்லன் இப்படிப் பேசுகிறவனே இல்லை. ஒஹையோவில் முப்பது வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்துவிட்டு வந்தவன். என்னிடம் அவன் பேசியது மொத்தமும் புல்வெட்டும் மெஷின், கால்பந்து, முட்டி வலி. என் முதல் படியில் அவனைப் படுத்தால் மலை, எழுந்தால் மண் என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது மலை பேசுகிறது. கிளெண்டாவிடமே கேட்டேன், அவன் உண்மையிலேயே இப்படித்தான் சொன்னானா என்று.

"நானும் அதைத்தான் யோசிச்சுட்டிருக்கேன்" என்றாள். "டிவியில எதாவது பாத்துருப்பானோ?"

அடுத்த சந்தேகம், அவள் என்ன பதில் சொன்னாள் என்பது. மூன்று விதமாக எழுதினேன்.

முதல் விதத்தில் கிளெண்டா, அப்படியானால் ஒரே கேபினே இருக்கட்டும் என்று சொல்லி அவன் தோளில் சாய்ந்து அழுதாள். படிக்கிறவர்களுக்குக் கண் கலங்கும். ஆனால் ஜனவரியில் ஏழு நாள் கண் எரியப் போவது அவளுக்கு. கைதட்டல் எனக்கு, விழிப்பு அவளுக்கு என்றால் அது நியாயம் இல்லை, அடித்துவிட்டேன்.

இரண்டாம் விதத்தில், "எனக்குத் தூக்கம் வேணும் ஹார்லன். உன்னை விட்டுப் போறதுக்கு இல்ல. மறுநாள் உங்கூட முழிச்சிருக்கிறதுக்கு" என்றாள். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. கிளெண்டாவிடம் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது, இதைச் சொல்லத் தனக்கு வராமல் போயிற்றே என்று வருத்தப்பட்டாள்.

மூன்றாவது, நடந்தது. "மத்தியானத்துக்கு என்ன சாப்பிடறே?" என்று கேட்டுவிட்டுப் போய் அவனுக்கு டூனா சாண்ட்விச் செய்தாள். ஓரத்தை வெட்டிவிட்டு, ஊறுகாய் வெள்ளரி தூக்கலாக வைத்து, அவனுக்குப் பிடிக்கிற மாதிரி. இருவரும் பலகையை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

[இன்னொரு முடிவும் என்னிடம் இருந்தது. ஹார்லன் பலகையை நடுவில் வெட்டுகிறான். ஒரு கதவில் "நாற்பது வருஷம்", அடுத்த கதவில் "இன்னும் ஒரே படகில்". நடைபாதையில் எதிர்ப்பக்கமிருந்து வருகிறவர்கள் மாற்றிப் படிக்கிறார்கள், அப்போதும் அர்த்தம் வருகிறது. மேவிஸ் வாயடைத்துப் போகிறாள். அழகான முடிவுதான். ஆனால் வெட்டினால் கத்தரி கல்யாணப் படத்தில் இரண்டு பேருக்கும் நடுவே போகும். ஹார்லன் கத்தரியை எடுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.]

6

அந்த வியாழக்கிழமையே, மணி ஐந்தாகக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கிளெண்டா குளத்துக்கு வந்தாள், கையில் போனோடு. ஹார்லன் கூடவே வந்து, குளத்தோரச் சாய்வு நாற்காலியில் விழுந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான். பதில் என்னவாக இருந்தாலும் தனக்குச் சம்மதம் என்று முன்னமே சொல்லிவிட்டானாம். அப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய இம்சை என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். ஒரு நிமிஷத்தில் குறட்டை ஆரம்பித்தது. ஆழமான பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தவர்கள் கேட்காதவர்கள்போல நீந்தினார்கள்.

கிளெண்டா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி டீட்ராவைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிசஸ் ப்ரூயிட், ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள் டீட்ரா. "நடுக்கதவு இருக்கிற கேபின்ல, கதவைச் சாத்தினாலும் அந்தப் பக்கத்துச் சத்தம் கொஞ்சம் கேக்கும். நெறைய பேர் போயிட்டு வந்து எங்கிட்ட சண்டை போடறாங்க."

"என்ன சத்தம்?"

"இருமினா கேக்கும். குறட்டை விட்டா கேக்கும்."

கிளெண்டா என்னைப் பார்த்துச் சிரித்தே விட்டாள். இரண்டு கேபின் எடுத்தும் குறட்டை கூடவே வரப்போகிறது. கதை இங்கேயே முடிந்தது, எல்லாம் வீண் என்று நானும் மனசுக்குள் பேனாவை மூடப் போனேன்.

அந்த நேரம் பார்த்துக் குறட்டை நின்றது.

கிளெண்டாவின் சிரிப்பும் நின்றது. போன் பிடித்த கை இறங்கி, தண்ணீருக்கு ஒரு விரல் மேலே நின்றது. டீட்ரா ஹலோ ஹலோ என்றாள். கிளெண்டா நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இத்தனை நாள் அவளைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு பெரிய விழுங்கல் சத்தம் வந்தது. தொப்பி ஆடியது. குறட்டை முதலிலிருந்து ஆரம்பித்தது. அவளும் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

வீட்டில் தையல் அறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் அவள் ராத்திரியில் கதவு எதையும் சாத்துவதில்லை என்பது எனக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை?

"டீட்ரா" என்றாள் கிளெண்டா. "கொஞ்சம் கேக்கும்னா எவ்வளவு கேக்கும்? நின்னா தெரியுமா?"

"எது நின்னா மேடம்?"

கிளெண்டா என் பக்கம் திரும்பி, கதையில் நான் என்ன எழுதப் போகிறேன் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். இதற்குத்தான் பக்கத்து வீட்டில் எழுத்தாளர் வேண்டுமா என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

நான் உங்களிடம் நீட்டுகிறேன். கை ஈரம், பார்த்து வாங்குங்கள். டீட்ரா லைனில்தான் இருக்கிறாள்; இரண்டு கேபினையும் பதிவு போடட்டுமா, வேண்டாமா என்று கேட்கிறாள். ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பின்னால் ஹார்லனின் குறட்டை கேட்கிறது அல்லவா? அது கேட்கிறவரை அவசரம் இல்லை.