சூடு தெரியாதவர்கள்

பொலிங்கர் குளிசை விழுங்க மறுத்து இரண்டு நாளாகிவிட்டது. காரணம் நான்தான்.

ஷாஃப்ஹவுசன் நகரில் தனியாக வாழும் எண்பத்தாறு வயது மனிதர் அவர். நான்கு வருடமாகக் காலையில் போய் அவரைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்து, இருதயத்துக்கான குளிசையையும் கொடுப்பது என் வேலை. இளவயதில் இயந்திரம் பூட்டும் வேலைக்கு அமெரிக்கா போனவர். அங்கே ஐம்பதுகளில் பார்த்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றை மகள் டிவிடியாக வாங்கிக் கொடுத்திருந்தாள். சோற்றுப்பானை மூடியை நூலில் தொங்கவிட்டதுபோல ஒரு பறக்கும் தட்டு. அதிலிருந்து இறங்குபவர்கள் அயல்வீட்டாரின் உருவத்தில் உலாவுவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி சூடுதான். கொதிக்கும் தேநீர்க் கோப்பையைக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள். நானும் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவருக்கு மறதி முற்றிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் நடப்பது எது, வீட்டுக்குள் நடப்பது எது என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவர் பார்த்துக்கொண்டிருக்க, பொங்கிய பால் சட்டியைத் துணியில்லாமல் வெறுங்கையால் இறக்கினேன். எங்கள் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். பன்னிரண்டு வருடம் ஹோட்டல் குசினியில் சட்டி கழுவிய கை என்று எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டார்.

"நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணத்திலிருந்து" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை.

வியாழன் காலை மேற்பார்வைத் தாதி வேணுகா கைபேசியில் கூப்பிட்டாள். இங்கேயே பிறந்த பிள்ளை.

"தில்லை அன்ரி, இண்டைக்கும் எடுக்கேல்லையெண்டால் டொக்டருக்கு அறிவிக்கவேணும். பிறகு அவரை வீட்டில இருக்க விடமாட்டினம். முதியோர் இல்லம்தான்."

"வேற ஆளை அனுப்பிப் பாக்கேலாதோ?"

"நேற்று நானே போனனான். நீங்கள் அனுப்பின ஆள் எண்டு சொல்லி வாயே திறக்கேல்லை. பத்து மணி வரைக்கும் பாப்பம் அன்ரி."

இந்த வீட்டிலேயே சாகவேண்டும், வேறெங்கும் கொண்டுபோக விடாதீர்கள் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது போன மார்கழியில். உடனே பஸ் பிடித்தேன். போய்ச் சேர ஒன்பதரை. கோட்டின் பொத்தான்களைக் கழற்ற நேரம் எடுத்தது. சில மாதமாகவே அப்படித்தான். வயது போகிறது என்று விட்டிருந்தேன்.

குளிசையை நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். நான்கு வருடம் நான் முதுகு தேய்த்துவிட்ட மனிதர் என்னைப் பார்த்து நடுங்குவது எனக்கு அவமானமாக இருந்தது. அந்தத் தொலைக்காட்சியைத் தூக்கி யன்னலால் எறியலாம்போலக் கோபமும் வந்தது. ஒன்பதே முக்கால்.

வேறு வழி தெரியாமல் ஒரு நாடகம் ஆடத் தீர்மானித்தேன். குளிசையை மேசையில் வைத்துவிட்டு, சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அவர் பார்க்க அதன் விளிம்பில் விரல் நுனிகளை வைத்தேன். சுட்டதும் கத்தவேண்டும். அதற்கு நடிப்பே தேவைப்படாது என்று நினைத்தேன்.

சுடவில்லை.

இன்னும் அழுத்தினேன். ஒன்றுமே இல்லை. அவர் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்திலேயே "ஐயோ" என்று கத்திக் கையை உதறினேன்.

அவருடைய முகம் இளகியது. "வலிக்கிறதா?"

"வலிக்கிறது" என்றேன்.

மேசையில் இருந்த குளிசையை எடுத்துத் தானாகவே விழுங்கினார். "மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவர்களில் ஒருத்தி இல்லை" என்றார். பிறகு என்னைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப்போய்க் குளிர்நீரைத் திறந்துவிட்டார். மூன்று விரல் நுனிகளிலும் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் அவற்றை மெதுவாகத் தடவிக்கொடுத்தார். கண்ணால் பார்த்ததால்தான் அவர் தடவுவது எனக்குத் தெரிந்தது.