சொட்டு விடாத வண்டி

மழை விட்டு ஒரு பகல் முழுக்க வெயில் காய்ந்தாலும் அந்தக் காருக்குள் தண்ணீர் நிற்கும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் கால் இரண்டும் குளத்தில். மிதியடியைத் தூக்கிப் பிழிந்தால் பாதி வாளி தேறும். கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு நாற்றம் குப்பென்று முகத்தில் அடிக்கும். இதையெல்லாம்கூட மருமகன் சகித்துக்கொண்டிருப்பான். அவன் உயிரை எடுத்தது தண்ணீர் அல்ல, மாமனார்.

கார் அவர் கொடுத்தது. பதினெட்டு வருஷம் ஓட்டினார். பார்வை மங்கியதும் மகள், மருமகன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போதே, இந்த வண்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை என்று திருவாய் மலர்ந்தருளினார். ஒழுகலைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. அவர் தொழிலே அதுதான். ஒழுகுகிற மொட்டை மாடிகளுக்குக் கருப்பாக ஒரு பசை பூசுவார். அதில் என்னென்ன கலக்கிறார் என்று கட்டிய மனைவிக்கும் சொன்னதில்லை. அவர் பூசிய மாடி திரும்ப ஒழுகியதில்லை என்பது உண்மை. அதனால் ஊரில் அவருக்குப் பெயரே 'சொட்டு நிறுத்தி'.

அப்பேர்ப்பட்டவர் பதினெட்டு வருஷம் வைத்திருந்த கார், மருமகன் கைக்கு வந்த முதல் மழையிலேயே ஒழுகினால் குற்றம் யாருடையது? மருமகன் கதவை அறைந்து சாத்துகிறான், ரப்பர் போய்விட்டது என்று மாமனார் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பீல் கிடையாது. மனைவியும் அதையே பிடித்துக்கொண்டாள். அவள் பல் டாக்டரிடம் வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள். ஈரச் செருப்போடு போய் இறங்கும் ஒவ்வொரு காலையிலும், அப்பாவிடம் இருந்தபோது இப்படி இல்லையே என்பாள். கோபமாகச் சொன்னால் சண்டை போடலாம். அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு சொல்வாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அவன் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவன் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் தலையிலேயே செய்யாத பிழையைக் கட்டினால் எப்படியிருக்கும்? நாலு கதவுக்கும் புது ரப்பர் வாங்கி ஒட்டினான். உள்ளே குழந்தை தூங்குவதுபோல் கதவைச் சாத்தப் பழகினான். தண்ணீர் அது பாட்டுக்கு வந்தது. அன்றைக்கு அறைந்த அறையில் தகடே வளைந்திருக்கும் என்று மாமனார் தீர்ப்பைத் திருத்தி எழுதினார். கார் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் போகட்டும் என்ற நிலைக்கு அவன் வந்துவிட்டான். உங்கள் மேல் தப்பில்லை என்று மனைவி வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகன் வீட்டு வாசலில் சோதனை. மாமனாரும் வந்துவிட்டார். மனைவி டார்ச்சோடு பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டாள். மருமகன் விசாரித்து வைத்திருந்த முறை எளிமையானது. தண்ணீரைக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டு போகவேண்டும்; எந்த உயரத்தில் உள்ளே வருகிறதோ அங்கேதான் ஓட்டை. இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் மாமனார் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ரப்பர் குழாயைக் காரின் கூரை மேல் பிடித்துவிட்டார்.

"வீடானா என்ன, வண்டியானா என்ன, தண்ணி மேலருந்துதான் மாப்பிள்ளை வரும்."

கூரையில் கொட்டிய தண்ணீர் நாலா பக்கமும் வழிந்தது. உள்ளேயும் வந்தது. எந்த வழியாக வந்தது என்று கேட்டால் மனைவிக்கு எப்படித் தெரியும், கார் முழுக்கக் குளித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைத் தட்டினாள். ஓட்டை தெரிந்துவிட்டது என்று இருவரும் ஓடினார்கள். உள்ளே வேகிறது, கதவைத் திறங்கள் என்றாள். துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். மாமனார் மறுபடியும் ஸ்டூலில் ஏறினார். மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இது கதைக்கு ஆகாது, விரிப்பை மொத்தமாகப் பிரித்துத் தகடு தெரிய வைத்தால்தான் தண்ணீர் ஓடுகிற பாதை தெரியும் என்று அவன் சொன்னதும் மாமனார் முகம் மாறியது. கம்பெனி ஒட்டியது, பிரித்தால் பழையபடி உட்காராது என்றார். முன்பக்கத்தை அவன் பிரித்தபோது முணுமுணுத்ததோடு விட்டவர், பின்பக்கம் போனதும் கதவை மறித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் நிற்பது முன்னால், பின்னால் தோண்டி என்ன புதையலா எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து மாமனாரிடம் குரலை உயர்த்தாதவன் அன்றைக்கு உயர்த்தினான்.

"மாமா, கொஞ்சம் நகருங்க."

பின்பக்க விரிப்பு நைந்து கையோடு வந்தது. அடியில் துணிகள். பழைய வேட்டி, தலையணை உறை, திரைச்சீலையில் பாதி. எல்லாம் அளவாக மடித்து, அடுக்கடுக்காக வைக்கப்பட்டு, கறுத்து விறைத்துப் போயிருந்தன. மருமகனுக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. மாமனார் வீட்டு வாசல் மேடு. அங்கே கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே வந்த தண்ணீரெல்லாம் விரிப்புக்கு அடியிலேயே பின்னால் ஓடி, இந்தத் துணிகளில் ஊறியிருக்கிறது. இவன் வீட்டு வாசல் பள்ளம். கார் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது, தண்ணீர் முன்னாலேயே தங்கிவிடுகிறது. ஒழுகல் அன்றைக்கும் இதேதான், இன்றைக்கும் இதேதான்.

மழை தொடங்கியதிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனங்களை எடுத்துவிட அவன் வாயைத் திறந்தான். அதற்குள் மனைவி குனிந்து அந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவினாள். ஓரத்தில் மஞ்சள் நூலால் நட்சத்திரம் தைத்த சின்னத் துண்டு.

"அப்பா, இது என் நீச்சல் துண்டு."

மாமனார் போய்க் குழாயை மூடினார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் அதைத் தொலைத்துவிட்டதாக வீட்டில் பெரிய ரகளை. பொருளின் அருமை தெரியாதவள் என்று அப்பா ஒரு வாரம் பேசிப் பேசி, கடைசியில் விருந்தாளிகள் இருந்த சாப்பாட்டு மேஜையில் அவளை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வைத்தார். அவள் இதை ஒரு தடவைகூடக் கணவனிடம் சொன்னதில்லை. இப்போது அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் தொலைக்கலன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே என்னை நிக்க வெச்சீங்க."

அவர் மெதுவாக, காரின் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார். ஊர் மாடியெல்லாம் அடைத்தவன் வண்டி ஒழுகுகிறது என்று தெரிந்தால் எவன் வேலைக்குக் கூப்பிடுவான் என்றார். வாங்கிய புதிதில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு ஓரத்தில் ஓட்டை இருந்ததாம். மழை பெய்தால் அதிலிருந்து தண்ணீர் கொட்டுமாம். ஓட்டையைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்குமா? தன் பசையை வைத்து அடைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் உள்ளே வர ஆரம்பித்ததாம். எங்கே தேடியும் வழி தெரியவில்லை. விரிப்புக்கு அடியில் துணியைத் திணித்ததுதான் மிச்சம்.

"எந்த ஓட்டை மாமா?"

"அது அடைச்சாச்சு மாப்பிள்ளை. அங்கருந்து வர வாய்ப்பே இல்ல."

மருமகன் பானெட்டைத் தூக்கி, வைப்பர்களுக்கு அடியிலிருந்த நீளமான பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். கீழே ஒரு பள்ளம், நிறைய மக்கிய இலை, விளிம்பு வரை தண்ணீர். நடுவில் உள்ளே காற்றுப் போகிற வாய். தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மூலையில் கருப்பாக, வழவழவென்று ஒரு அடைப்பு.

"மாமா, இது தண்ணி வர்ற ஓட்டை இல்ல. போற ஓட்டை."

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். நகரவில்லை. சுத்தியலால் தட்டி, முனகி, வியர்த்தான்; கடைசியில் அது கடைவாய்ப் பல்லைப்போல் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பள்ளத்துத் தண்ணீர் முழுக்க வடிந்து மாமனாரின் கால்களில் கொட்டியது. அவர் கீழே விழுந்த அடைப்பை எடுத்து, சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷம். ஒரு கீறல் இல்ல பாத்தீங்களா, மாப்பிள்ளை?"

தன் தலையில் அடித்துக்கொள்வதா, அவர் தலையில் அடிப்பதா என்று மருமகனுக்கு விளங்கவில்லை. மனைவி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். துண்டு இன்னும் அவள் கையில் இருந்தது.

"நான் உங்களை நம்பவே இல்ல. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். உங்க மேல தப்பே இல்லங்க."

இத்தனை நாள் காத்திருந்த வாக்கியம். அதைக் கேட்டதும் குதிக்கத் தோன்றும் என்று நினைத்திருந்தான். அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்ததும் அது தோன்றவில்லை. ஏறி உட்காரு, இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றான். அவள் அப்பாவையும் கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, துடைத்து வைத்த வெறும் தகட்டில் வெறும் காலை வைத்துக்கொண்டார்.

மருமகன் குழாயை முழுசாகத் திறந்து முன்கண்ணாடியில் பீய்ச்சினான். தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, ஓட்டை வழியாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொட்டியது. உள்ளே மாமனார் குனிந்து தகட்டைத் தடவினார். அப்புறம் நிமிர்ந்து ஏதோ பேசினார். வெகுநேரம் பேசினார். கண்ணாடி ஏற்றியிருந்தது, குழாய் இரைந்தது, ஒரு எழுத்து கேட்கவில்லை. பின்னாலிருந்து மனைவி எட்டி வந்து, அப்பாவின் பக்கத்துக் கண்ணாடியைச் சுழற்றி இறக்கினாள்.

"என்கிட்ட சொன்னது போதும்ப்பா. அவர்கிட்ட சொல்லுங்க."

என்னவென்று கேட்க மருமகன் குழாயோடு அந்தப் பக்கம் திரும்பினான். தண்ணீர் ஜன்னல் வழியாக மாமனாரின் மடியிலும் காய்ந்த தகட்டிலும் கொட்டியது. அவர் நகரவில்லை. மூக்குக் கண்ணாடியிலிருந்து நீர் வழிய, அவனை நேராகப் பார்த்தார்.

"தப்பு என்னோடது மாப்பிள்ளை. உங்களோடது இல்ல. இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

குழாயைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று மருமகன் பிடித்துக்கொண்டே நின்றான்.