தங்கத்துக்குப் பிடித்த மூச்சு

மூன்று நாளாக மாப்பிள்ளை உட்காரவே இல்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் நடந்த நடையில் ஆய்வுக்கூடத் தரை ஒரு விரற்கடை தேய்ந்திருந்தது.

அவர் வேலை இதுதான். திரவம் ஊற்றிய ஒரு சின்னக் கலத்தில் இரண்டு தங்கக் கம்பி முனைகளைத் தொடவைத்து, இழுத்துப் பிரிப்பார். நாளுக்குப் பல்லாயிரம் தடவை. அந்த இடைவெளியில் ஒரே ஒரு மூலக்கூறு மாட்டிக்கொண்டால் மின்சாரம் அதன் வழியாகப் போகும். திரையில் சரிகிற கோடு நடுவில் ஒரு படிபோல நின்றுவிட்டு விழும். மூலக்கூறு போடாத வெறும் திரவத்தில் படி வரக் கூடாது. ஆனால் வந்துகொண்டே இருந்தது. நான்கு மணிக்கு இயக்குநர் பார்க்க வருகிறார். அப்போதும் வந்தால், இரண்டு வருட உழைப்பு குப்பை, அறையும் பறிபோகும்.

நான் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவன். லிஃப்ட் ஓடினால் தங்க முனைகள் நடுங்கும் என்பதால், அளவு எடுக்கும்போது அதை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். மதியச் சாப்பாடும் அங்கேதான். ரொட்டி, கூடவே பச்சை வெங்காயம்.

"கலத்தை ஆசிட்ல கழுவியாச்சு, கம்பியையும் மாத்தியாச்சு. ஆளே இல்லாத வீட்ல யாரு மாமா கதவைத் திறக்கிறது?"

"பேயா இருக்கும் மாப்ள."

"உங்க பொண்ணு அப்பவே சொன்னா, அப்பாகிட்ட யோசனை கேக்காதீங்கன்னு."

மறுபடி நடக்கப் போய்விட்டார். நான் இரண்டாவது வெங்காயத்தைக் கடித்தபடி கலத்தின் மேல் குனிந்து பார்த்தேன். திரையில் படிமேல் படி. திரும்பி வந்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அசையாமல் நின்றார்.

"மாமா, அது மேல கொஞ்சம் ஊதுங்க."

ஊதினேன். படி. இன்னொரு தரம் ஊதினேன். இன்னும் அகலமான படி.

"கந்தகம்! வெங்காயத்துல இருக்கிற கந்தகம் தங்கத்தைக் கண்டா விடாது. மூணு நாளா நீங்கதான் மாமா நடுவுல நின்னு கரண்ட் கடத்தியிருக்கீங்க!"

"எனக்கு ஷாக்கே அடிக்கலையே மாப்ள?"

மணி மூன்றேகால். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே புதுக் கம்பி, புதுத் திரவம், ஓடுகிற காலடிச் சத்தம்.

நான்கு மணிக்கு இயக்குநர் லிஃப்டில் ஏறினார். மூக்கின் மேல் தங்கச் சட்டமிட்ட கண்ணாடி. என் மூச்சு அதில் ஏறி உள்ளே போய்விட்டால்?

"மாப்பிள்ளை மிஷின் எப்படிப் போகுது?"

வாயை இறுக மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

"உடம்பு சரியில்லையா பெரியவரே?"

அதற்கும் தலையாட்டினேன். நான்கு மாடியும் மூச்சு விடவில்லை. முகம் நீலமாகி, பிறகு பச்சையானது. லிஃப்ட் கண்ணாடியில் நானே பார்த்தேன்.

அவர் இறங்கியதும் லிஃப்டை நிறுத்திவிட்டுக் கதவில் காதை வைத்தேன். வெறும் திரவம், ஆயிரம் இழுப்பு: ஒரு படிகூட இல்லை. மூலக்கூறு ஒரு சொட்டு: படி வந்தது. "அறை உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் இயக்குநர்.

மறுநாள் கதவில் ஓர் அறிவிப்பு: வெங்காயம் தின்றவர்களுக்கு அனுமதியில்லை. இந்தக் கட்டடத்தில் அப்படி நான் ஒருவன்தான்.

வருத்தமில்லை. வீட்டுக்காரி நாற்பது வருடமாக என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசுகிறாள். அவள் காதின் தங்கத் தொங்கட்டான் மட்டும் என் பக்கமாகவே சாய்ந்து நிற்கும். காரணம் இப்போதுதான் தெரிந்தது.