இல்லாத கையின் விரல்கள்

பாண்டிக்கு இல்லாத கை வலித்தது. செங்கோட்டை மர மில்லில் வலது கை முழங்கைக்குக் கீழே போய் எட்டு மாதமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கை இறுக்கி மூடியிருப்பதாகவும், நகங்கள் உள்ளங்கையில் குத்துவதாகவும் சொல்லுவான். வலி வந்தால் துண்டை வாயில் திணித்துக் கடிப்பான். மில்லில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் என் நல்ல மனசு அல்ல.

கை போன அன்று கரண்ட் போய், மரம் அறுக்கும் வாள் நின்றுவிட்டது. பாண்டி சுவிட்சை அணைத்துவிட்டு, சக்கரத்தில் சிக்கிய மரச் சிம்பை எடுக்கக் கையை விட்டான். கரண்ட் வந்தது. குனிந்துகூடப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டது நான். அதை யாரும் பார்க்கவில்லை. அவன் அணைக்க மறந்தான், வாள் தானாக ஓடிவிட்டது என்று விபத்துத் தாளில் முதலாளி எழுதினார். கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் பாண்டியே அதை நம்பிவிட்டான். அவன் மனைவி முத்துவடிவு பீடி சுற்றிக்கொண்டே ஏசுவாள்.

"ஒரு சுவிட்ச அணைக்கத் துப்பில்ல. இப்ப இல்லாத கை வலிக்குன்னு அழுவுதீரு."

தென்காசியில் வலிக்கென்றே கிளினிக் வைத்திருந்த டாக்டர் சனோபரிடம் நான்தான் அவனைக் கூட்டிப்போனேன். மாத்திரைக்கு வலி பாதிதான் குறைந்தது. மூன்றாவது முறை வரும்போது ஹிப்னாசிஸ் செய்து பார்க்கலாம் என்றார்.

அன்று போகும்போது பஸ்ஸில் பாண்டியிடம் கேட்டேன். "ஏலே, கோழி மாரி கூவச் சொன்னா கூவிருவியோ?"

"கூவுதேன். முட்டை போடச் சொன்னாலும் போடுதேன். இந்தக் கை விரிஞ்சாப் போதும்."

டாக்டர் அவனிடம் விவரம் சொன்னபோது நான் கீழே மருந்துக்கடையில் நின்றேன். அதைக் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது அவன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. உட்காருங்கள் என்று டாக்டர் கை காட்டினார்.

"இப்ப எங்க நிக்கீங்க, அண்ணாச்சி?"

"ஐந்தருவி." நாக்கு தடித்தவன் போலப் பேசினான். "நல்ல தண்ணி விழுது."

"அந்தக் கையையும் தண்ணியில காட்டுங்க. அவசரமில்ல. ஒவ்வொரு விரலா விடட்டும்."

தொங்கிய சட்டைக்கை அசைந்தது. "பெருவிரல் விட்டுட்டுது" என்றான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"கூட யாரு இருக்கா?"

"பிச்சுமணி. முதுவுல எண்ணெ தேச்சு விடுதான்."

பிச்சுமணி நான்தான்.

"அஞ்சு நிமிஷம் அந்தத் தண்ணியிலயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்தேன். தூங்குகிறவனிடம் சொன்னால் பாரம் இறங்கும், சேதம் ஒன்றுமில்லை என்றும் நினைத்தேன். காதருகே குனிந்தேன்.

"நீ சுவிட்ச அணச்சுத்தாம்லே வச்சிருந்தே. நான்தான் போட்டேன்."

"இன்னொரு தடவ சொல்லு" என்றான் பாண்டி.

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. மில்லில் அவன் கை தரையில் கிடந்தபோது அதைத் துண்டில் சுற்றி எடுத்தவன் நான்.  இப்போது அவனை விட்டுச் சுவர் வரை விலகினேன்.

டாக்டர் ஓடி வந்தார். "தூங்குதான்னுல்லா நெனச்சேன்" என்று உளறினேன்.

"தூக்கம் இல்ல, அண்ணாச்சி. கவனம் ஒரே இடத்துல நிக்கும், அவ்வளவுதான். காது நல்லாக் கேக்கும். அவருகிட்ட முதல்லயே சொல்லிட்டேனே."

பாண்டி தானாகவே கண்ணைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. பத்துக்கு எட்டாக இருந்த வலி இப்போது மூன்று என்றான். இதை வீட்டில் தினமும் தானே செய்யலாம் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். "எல்லாருக்கும் இது பலிக்காது, உங்களுக்குப் பலிக்குது. ஆனா மாத்திரைய நிப்பாட்டிராதீங்க."

பஸ் ஸ்டாண்டு வரை அவன் முன்னால் நடந்தான். செங்கோட்டை பஸ் வந்து நின்றதும் என் பக்கம் திரும்பினான்.

"வாராவாரம் என் வீட்டுல காப்பி குடிச்சே. வடிவு என்னைய ஏசும்போது எதுத்தாப்ல உக்காந்து குடிச்சே."

"அடிலே" என்றேன்.

"எந்தக் கையால?"

பஸ் படியில் ஏறி நின்றான். "இனி அருவிக்கு ஒன்னைக் கூட்டிட்டுப் போவ மாட்டேன். வடிவுகிட்ட நீயே சொல்லு. அந்தத் தாளையும் மாத்தி எழுது."

பன்னிரண்டு நாளாகிறது. நேற்று வடிவு போன் செய்தாள். "அண்ணாச்சி, நீங்க கூட்டிட்டுப் போன புண்ணியம். இப்ப நல்லாத் தூங்குதாவ. கண்ண மூடிக் கொஞ்ச நேரம் தனியா இருந்தா வலி அடங்கிருதாம்."

பாண்டி அவளிடம் சொல்லவில்லை. எனக்கென்று விட்டுவைத்திருக்கிறான். போனைக் காதில் வைத்துக்கொண்டு சரிம்மா, சரிம்மா என்றேன்.

சுவிட்சைப் போட்டது நான் என்று வடிவிடம் சொல்ல வேண்டும். அந்தத் தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் இன்னும் பாக்கி.