73939133ஐ வலப்பக்கமிருந்து வெட்டுதல்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒட்டுக்கேட்டேன். மட்டக்களப்பில் ஒரு மருத்துவமனை வாட்டில் தங்கைக்குத் துணையாக இருந்தேன். அடுத்த கட்டிலில் காத்தான்குடி றமீஸா டீச்சர். கணிதம் படிப்பிப்பவர், சீனி வருத்தக்காரர் (நீரிழிவு). வலக்காலின் சின்னவிரல் போன வருடமே போய்விட்டது. இப்போது பக்கத்து விரலும் கறுத்துவிட்டது. அதை வெட்டச் சம்மதித்து அவர் கையொப்பமிட வேண்டும். இடவில்லை. கதை இவ்வளவுதான்.

வாவியின் மேல் மாலை வெயில் தகதகவென்று

(விட்டுவிட்டேன். அந்த வாட்டிலிருந்து வாவி தெரியாது.)

2

தாதி கஜானி சம்மதப் படிவத்தோடு வந்தார்.

"டீச்சர், உங்கட முதன்மை எண்ணச் சொல்லுங்க."

அவர் கேட்டது தொலைபேசி எண்ணை.

"ஏழு மூணு ஒம்பது மூணு ஒம்பது ஒண்டு மூணு மூணு."

"எட்டு இலக்கந்தானே இரிக்கி? போனுக்குப் பத்து வேணுமே."

"போனா? முதன்மை எண் எண்டுதானே கேட்டீங்க புள்ள!"

(தமிழ்நாட்டு வாசகருக்கு: எங்கள் பாடநூலின் முதன்மை எண்தான் உங்கள் பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதது.)

கஜானி விழுந்து விழுந்து சிரித்தார். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு எஸ், அதாவது வெறும் பாஸ், எடுத்த எனக்கு விளங்கவே நேரமெடுத்தது.

3

டீச்சர் படிவத்தின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். 73939133 முதன்மை எண். கடைசி 3ஐ வெட்டினால் 7393913, அதுவும் முதன்மை. இன்னொன்றை வெட்டினால் 739391; அதுவும்தான். பிறகு 73939, 7393, 739, 73, 7. எத்தனை வெட்டினாலும் மிஞ்சியது முதன்மையாகவே நிற்கிறது. இப்படிப்பட்டவை மொத்தம் எண்பத்து மூன்றுதானாம். ஆகப் பெரியது இது. இதன் வாலில் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் முதன்மை கெட்டுவிடும்.*

எண்களுக்கு முடிவில்லை, இந்த வரிசைக்கு மட்டும் முடிவு இருக்கிறது. எனக்கு மெய்சிலிர்த்தது. யாரும் செய்துவைக்காத ஒன்று இவ்வளவு திருத்தமாக இருக்குமா!

*ஒட்டிப் பார்த்தேன். 1, 3, 7, 9 நான்கையும் (மற்றவை இரண்டாலோ ஐந்தாலோ வகுபட்டுவிடும்). போனில் சார்ஜ் தீர்ந்தது.

4

கதை எழுதுபவர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். நானும் செய்தேன்.

"அப்ப விரல் போனாலும் நீங்க முழுசாத்தானே இரிப்பீங்க டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடியும் எஸ் எடுத்தேன்.

"இடப்பக்கத்தால வெட்டிப் பாருங்க. ஏழு போனா மிச்சம் பதினொண்டால வகுபடும், எல்லாம் முடிஞ்சி. எண்ணுல எந்தப் பக்கம் வெட்டலாம் எண்டு நமக்குத் தெரியும். என்ட கால்ல ஏழு எது? கரும்பலகைக்கு முன்னால நிக்க ஏலாமப் போனா, மறுகா நான் ஆரு?"

பயத்தை இவ்வளவு துல்லியமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது அப்போதுதான்.

5

முடிவு அ: எண்ணைச் சொல்லிக்கொண்டே கையொப்பமிடுகிறார். (பொய். விரல் இலக்கமல்ல என்று அவரே சொல்லிவிட்டார்.)

முடிவு ஆ: படிவத்தைக் கிழித்துப் போட்டு வீட்டுக்கு

(கை வரவில்லை. இந்த விரலை விட்டால் பாதமே போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.)

நடந்தது இது. டீச்சர் படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"சாட்சிக்கு நீங்க ஒப்பம் வைங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

சாட்சி முதலில் வைப்பது முறையல்ல என்று எனக்குத் தெரியாது. வைத்துவிட்டேன். என் பெயருக்கு மேலே ஒரு கோடு காலியாக இருந்தது. டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தன் காலையே பார்த்திருந்தார்.

மிச்சத்தை உங்களிடம் விடலாமென்று நினைத்தேன். விட மாட்டேன். அந்தக் கோடு அவருடையது. நானும் அதில் எழுதமாட்டேன், நீங்களும் எழுதக்கூடாது.