பின் இருக்கை

கழிப்பாக்கத்தில் பழைய கயாக் படகு வாங்கினால், அதை முன்பு வைத்திருந்தவரும் சேர்ந்தே வருவார். பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பார், இறங்க மாட்டார். புதுசு காலியாக வரும். அதனால்தான் புதுசுக்கு அந்த விலை.

பூங்கொடி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். கரையில் நின்று தூண்டில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டாள். மீன்களோ உப்பங்கழியின் நடுவில்தான் துள்ளின. அவள் கையிலிருந்த பணத்துக்குப் பழைய கயாக்தான் கட்டுப்படியாகும். ஒரு சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு அமீர்ஜான் கடைக்குப் போனாள்.

"மொத கயாக்கா? அப்ப ஆளைப் பாத்து எடும்மா," என்றார் அமீர்ஜான். "ஓட்டை விழுந்தா அடைச்சிரலாம். ஆள் சரியில்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

முதலில் மஞ்சள் கயாக்கைக் காட்டினார். துடுப்பில் கீறல், தூண்டிலைச் செருகி வைக்க ஒரே ஒரு குழாய். பின்னால் ரோஸ்லின் என்ற நர்ஸ் மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். பேச்சு குறைவு, மதியம் கொஞ்சம் தயிர்சாதம் கொடுத்தால் போதும் என்றார்.

அடுத்தது பச்சை. காலால் மிதித்தே ஓட்டலாம், நாலு தூண்டில் செருகலாம், விலையோ மஞ்சளைவிடக் குறைவு. பூங்கொடி குனிந்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். பின் இருக்கையில் அவள் புருஷன் ஞானசேகர் உட்கார்ந்திருந்தான்.

ஏசி மெக்கானிக் வேலைக்கு ஷார்ஜா போனவன். ஏர்போர்ட் வாசல்வரை போய் அவள்தான் கையசைத்து அனுப்பினாள். பக்கத்தில் அடுக்கியிருந்த லைஃப் ஜாக்கெட்டுகள் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கயாக் வாங்கினீங்களா?" என்று கேட்டாள்.

"டிக்கெட் காசுல வாங்கினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?"

"கட்டுப்படியாகல பூங்கொடி. அதான் திரும்ப வித்துட்டேன்."

"நான் தெனம் இந்தக் கடையைத் தாண்டித்தான் பஸ்ல போறேன்."

"தெரியும். ஜன்னலோரமா உக்காந்திருப்ப. நீலப் பொடவை கட்டினா தூரத்துலயே தெரியும்."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"விலைக்கு வச்சது ஆளுங்களைக் கூப்பிடக் கூடாது. கடைச் சட்டம்."

"ஒருதடவைகூட மீறல," என்று அமீர்ஜான் சான்று சொன்னார். "சொந்தக்காரங்கன்னா இன்னும் கொறச்சுத் தரேம்மா."

பூங்கொடி தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பாதி தாடை வழியாக வழிந்து கழுத்தை நனைத்தது. பிறகு, வந்த வேலையைப் பார்த்தாள். இந்தக் கயாக் எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டாள். அவர் சொன்னார். தன் எடையையும் அவன் எடையையும் மனசுக்குள் கூட்டினாள். முன்பைவிட அவன் பெருத்திருந்தான்.

"மீனுக்கு எடம் இல்ல," என்றாள்.

"மீன் எதுக்கு? சும்மா போய்ட்டு வரலாமே," என்றான் ஞானசேகர்.

"நான் மீன் பிடிக்கத்தான் வந்தேன்."

மஞ்சளுக்குப் பணத்தைக் கொடுத்தாள்.

"அப்ப நான்?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. "இதை நெழல்ல வைங்க பாய்," என்று அமீர்ஜானிடம் சொன்னாள். "வெயில் பட்டா இவருக்குத் தலைவலி வரும்."

கடை ஆட்கள் மஞ்சள் கயாக்கைக் கழியில் இறக்கிவிட்டார்கள். பூங்கொடி துடுப்பு போட்டாள். முதல் தடவை என்பதால் கயாக் கொஞ்சம் கோணலாகவே போனது. பின்னாலிருந்து ரோஸ்லின் அவள் முதுகில் ஒரு கையை வைத்தாள்.

ரோட்டுப் பாலம் இருக்கும் இடத்துக்கு வந்தபோது பாலம் டீ குடிக்கப் போயிருந்தது. இரு கரையிலும் பஸ்கள் என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. ஒரு கண்டக்டர் படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். பூங்கொடியும் ரோஸ்லினும் மேலே பாலம் இருப்பது போலவே தலை குனிந்தபடி அந்த இடத்தைக் கடந்து போனார்கள்.